யார், எங்கே, எப்போது விழுந்தார்? எக்செல் சொல்லும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எக்செல் எதற்கு என்று கேட்டால், "வீட்டு வரவு செலவு எழுதலாம்" என்பார்கள். முதல் மாதம் பால் கணக்கு, கரண்ட் பில், மளிகை எல்லாம் ஏறும். மூன்றாவது மாதம் ஃபைல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இந்த இதழில் எக்செல்லுக்கு வேறு ஒரு வேலை கொடுப்போம். வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ இருக்கும் பெரியவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள உதவும் ஒரு பதிவேடு. இதற்கு ஃபார்முலா எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மவுஸைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கீழே விழுவதற்கெல்லாம் ஒரு பதிவேடா என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இறக்காவிட்டாலும், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பழையபடி எழுந்து நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

எங்கள் ஊர் கீரமங்கலம். புதுக்கோட்டை மாவட்டத்தில் பூவுக்குப் பெயர் போன இடம். மல்லிகை, முல்லை பறிக்க வீட்டில் தெம்பாக இருப்பவர்கள் இருட்டோடு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். விடிந்ததும் பூ கமிஷன் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகளில் சிலர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அப்பத்தாவோ தாத்தாவோ மட்டும்தான். பெரியவர்கள் கண் விழித்து, பின்கட்டில் இருக்கும் கழிவறைக்கு நடப்பதும் அதே நேரத்தில்தான். வாசலில் நிலைப்படி, முற்றத்தில் ஈரம், கிணற்றடியில் பாசி. துணைக்கு ஆள் இல்லாத நேரமும், ஆபத்தான வழியில் நடக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. இப்படி ஒன்றுசேரும் இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் நம் பதிவேட்டின் வேலை.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அந்தப் பெயர், தாமே தங்களைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். அந்த இல்லங்களுக்கான மத்திய அரசு விதி இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒன்று, தங்கும் இடம் முடிந்தவரை விபத்து ஆபத்துகள் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொருவருக்கும் போதுமான கண்காணிப்பும், ஊன்றுகோல், வாக்கர் போன்ற துணைக் கருவிகளும் கிடைக்க வேண்டும். இடத்தையும் கவனி, ஆளையும் கவனி என்பதுதான் இதன் சாரம்.

நமக்குச் சுவாரசியமான பகுதி இனிமேல்தான். அங்கே ஒவ்வொருவரைப் பற்றியும், சேரும்போதும் அதன்பின் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மினிமம் டேட்டா செட் என்ற படிவத்தைப் பூர்த்தி செய்கிறார்கள். 1998 முதல் இது கம்ப்யூட்டர் வழியாக அரசுக்குப் போகிறது. அதில் விழுந்தாரா, எத்தனை முறை, காயம் இல்லையா, சிறிய காயமா, எலும்பு முறிவு போன்ற பெரிய காயமா என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். விழப்போனவரை இன்னொருவர் தாங்கிப் பிடித்துவிட்டாலும் அதையும் விழுந்ததாகவே எழுத வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. காரணம் எளிது. இன்று பிடிக்க ஆள் இருந்தது, நாளை இல்லாமல் போகலாம். தடுக்கிய இடம் அப்படியேதான் இருக்கிறது.

நம் நாட்டில், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம், அதில் குறைந்தது 150 பேர் தங்க இடம் இருக்க வேண்டும் என்கிறது அதன் 19-வது பிரிவு. ஆனால் சட்டம் இருப்பதால் மட்டும் படிக்கட்டில் கைப்பிடி முளைத்துவிடாது. அதை ஒரு ஆள் கவனித்துப் போட வேண்டும்.

கட்டிவைத்தால் பாதுகாப்பா?

"அவர் அடிக்கடி எழுந்து நடக்கிறார், அதனால் கட்டிலோடு கட்டிவைத்தோம். இப்போது விழுவதில்லை." இப்படிச் சொல்லும் வீடுகளும் உண்டு, இல்லங்களும் உண்டு. இதற்குப் பதிலாக நம் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு கொடுமையான சம்பவம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். தப்பி ஓட முடியாததற்குச் சங்கிலிதான் காரணம். உச்ச நீதிமன்றம் இதைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்துவிட்டது.

ஏர்வாடியில் இருந்தவர்கள் முதியோர் என்பதற்காக அடைக்கப்பட்டவர்கள் அல்ல. ஆனால் ஞாபக மறதி நோய் வந்த பெரியவரைக் கயிற்றால் கட்டுவதும், வெளியே பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போவதும் அதே தர்க்கம்தான். ஒரு ஆபத்தைத் தடுக்கப் போய் அதைவிடப் பெரிய ஆபத்தை உண்டாக்குகிறோம். அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டம், ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கட்டிலின் பக்கக் கம்பிகூட ஆபத்தாகலாம். அதன் இடுக்கில் தலை சிக்கி இறந்தவர்கள் உண்டு. மேலே ஏறிக் குதிக்கப் பார்ப்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டில் உயரத்தைக் குறைப்பது இதைவிட நல்ல வழி.

சரி, கட்டிவைக்கவும் கூடாது, 24 மணி நேரமும் பக்கத்தில் உட்காரவும் ஆள் இல்லை. பிறகு என்னதான் செய்வது? எங்கே, எப்போது ஆபத்து அதிகமோ அங்கே, அப்போது மட்டும் நம் பலத்தைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் எக்செல்.

பதிவேட்டைத் தயாரிப்போம்

எக்செல்லைத் திறந்து புதிய வொர்க்புக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். மெனு பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான். தமிழில் டைப் செய்ய விண்டோஸின் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

முதல் வரிசையில், ஒவ்வொரு செல்லிலும் ஒன்றாக இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, மணி, பொழுது, யார், இடம், என்ன செய்யப் போனார், வெளிச்சம், காலில் என்ன, காயம், செய்த மாற்றம். பத்தே தலைப்புகள். இன்னும் இருபது சேர்க்க ஆசை வரும், வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு வரும் ஆயாவோ வார்டு பாயோ முப்பது கட்டங்களை நிரப்ப மாட்டார்கள். அவர்கள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். காலையில் நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது தலைப்புகள் உள்ள ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்து, கன்ட்ரோல் கீயுடன் டி எழுத்தைத் தட்டுங்கள். ஒரு சிறிய டயலாக் பாக்ஸ் வரும். அதில் 'மை டேபிள் ஹேஸ் ஹெடர்ஸ்' என்ற இடத்தில் டிக் செய்து ஓகே தட்டுங்கள். உங்கள் பட்டியல் வண்ணக் கோடுகளுடன் ஒரு டேபிளாக மாறிவிடும். இனி கீழே எத்தனை வரி சேர்த்தாலும் அவையும் இதே டேபிளில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது முக்கியமான ஸ்டெப். ஒருவர் 'பாத்ரூம்' என்று எழுதுவார், இன்னொருவர் 'குளியலறை' என்பார், மூன்றாமவர் எழுத்துப் பிழையுடன் 'பாத்ரும்' என்பார். நமக்கு மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு அவை மூன்று வேறு இடங்கள்! எண்ணிக்கை சிதறிப்போகும். இதைத் தடுக்க, 'இடம்' என்ற தலைப்புக்குக் கீழே உள்ள செல்லைத் தேர்ந்தெடுங்கள். மேலே டேட்டா டேபில் 'டேட்டா வாலிடேஷன்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் பாக்ஸில் 'அலவ்' என்ற இடத்தில் 'லிஸ்ட்' என்பதைத் தேர்வு செய்து, கீழே உள்ள 'சோர்ஸ்' கட்டத்தில் இடங்களின் பெயர்களை ஒவ்வொன்றுக்கும் நடுவே கமா போட்டு டைப் செய்யுங்கள். கட்டில் அருகே, நடைபாதை, நிலைப்படி, பாத்ரூம், முற்றம், படிக்கட்டு, சாப்பிடும் இடம், வேறு. ஓகே தட்டினால் முடிந்தது. இனி அந்தச் செல்லில் கிளிக் செய்தால் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி தோன்றும். அதை அழுத்தி, பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்வு செய்தால் போதும், டைப் செய்ய வேண்டாம்.

இதையே 'பொழுது' தலைப்புக்கும் செய்யுங்கள்: விடியற்காலை, காலை, மதியம், மாலை, முன்னிரவு, நள்ளிரவு. 'காயம்' என்பதற்கு: விழப்போய்ப் பிடித்துக்கொண்டார், காயம் இல்லை, சிறிய காயம், பெரிய காயம். இந்தப் பட்டியலில் முதலாவதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். 'யார்' என்பதிலும் பெயர்களை இப்படியே பட்டியலாக்கிவிடலாம்.

தேதியை டைப் செய்யவும் சிரமப்பட வேண்டாம். கன்ட்ரோல் கீயுடன் செமிகோலனைத் தட்டினால் இன்றைய தேதி வந்து உட்காரும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டுடன் செமிகோலனைத் தட்டினால் இப்போதைய மணி வரும். ஆனால் விழுந்த நேரம் வேறு, எழுதும் நேரம் வேறு என்பதை மறக்காதீர்கள். விழுந்த நேரம்தான் நமக்கு வேண்டும்.

கணக்கு பேசட்டும்

இரண்டு மூன்று மாதம் எழுதிய பிறகு டேபிளுக்குள் எங்காவது கிளிக் செய்து, இன்செர்ட் டேபில் 'பிவட் டேபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே தட்டுங்கள். புதிய ஷீட் ஒன்று திறக்கும். வலது பக்கம் உங்கள் தலைப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கும். 'இடம்' என்பதை மவுஸால் இழுத்து 'ரோஸ்' கட்டத்தில் விடுங்கள். 'பொழுது' என்பதை 'காலம்ஸ்' கட்டத்தில் விடுங்கள். 'யார்' என்பதை 'வேல்யூஸ்' கட்டத்தில் விடுங்கள். அவ்வளவுதான்! எந்த இடத்தில், எந்தப் பொழுதில் எத்தனை முறை விழுந்திருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் கட்டம் கட்டமாக வந்துவிடும். புதிய வரிகள் சேர்த்த பிறகு பிவட் டேபிளில் ரைட் கிளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும். தானாக மாறாது.

ஒரு கற்பனை இல்லத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் 14 வரிகள். அதில் 9 வரிகள் 'நடைபாதை' என்ற வரிசையும் 'விடியற்காலை' என்ற நெடுவரிசையும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கின்றன. அந்த 9 என்ற எண்ணின் மீது டபுள் கிளிக் செய்யுங்கள். அந்த ஒன்பது வரிகள் மட்டும் தனி ஷீட்டில் திறக்கும். ஒன்பதில் ஏழு வரிகளில் 'வெளிச்சம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. விழுந்தவர்களோ ஐந்து வெவ்வேறு ஆட்கள். ஒரே ஆளாக இருந்தால் அவர் உடம்பையும் மாத்திரையையும் பார்க்க வேண்டும். ஐந்து பேர் என்றால் இடத்தைப் பார்க்க வேண்டும்.

இனி கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, அந்த நடைபாதைக்கு அதே விடியற்காலையில் போய் நில்லுங்கள். லைட் சுவிட்ச் கதவுப் பக்கம் இருக்கும், கட்டில் எதிர்க்கோடியில் இருக்கும். சுவிட்சைப் போடுவதற்கே இருட்டில் பத்தடி நடந்தாக வேண்டும். கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச், வழியில் இரண்டு எல்.இ.டி. நைட் லாம்ப், இதுதான் மாற்றம். அதைச் செய்த தேதியுடன் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் அந்தக் கட்டத்தில் எண் குறைந்ததா என்று பார்த்தால், போட்ட பணம் வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும்.

'செய்த மாற்றம்' என்ற கட்டத்தில் "கவனமாக இருக்கச் சொன்னோம்" என்று எழுத நான் அனுமதிக்க மாட்டேன். அது மாற்றமே அல்ல. கவனமாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பெரியவருக்கு நமக்கு முன்பே தெரியும். அதேபோல 'யார் தவறு' என்று ஒரு தலைப்பு போட்டுவிடாதீர்கள். போட்ட மறுநாளே யாரும் விழமாட்டார்கள்! அதாவது, எழுத மாட்டார்கள். நோட்டில் எழுதியதற்காக ஊழியர் ஒருவரைத் திட்டினால் உங்கள் பதிவேடு அன்றோடு செத்துவிடும். ஒரு மாதம் முழுக்க ஒரு வரிகூட இல்லை என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் விசாரியுங்கள்.

ஒருவரே அடிக்கடி விழுகிறார் என்றால் அந்த வரிகளை மட்டும் பிரின்ட் எடுத்து டாக்டரிடம் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள் ஆகியவை எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரலாம். எத்தனை மணிக்கு விழுந்தார் என்ற விவரம் டாக்டருக்கு மிகவும் உதவும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அதுவரை, படுக்கையில் இருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரே தடுக்கிவிடும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த அன்று வீட்டுக்குள் என்னென்ன வந்தது என்று பாருங்கள். யு.பி.எஸ். வயர், மானிட்டர் வயர், மோடத்தில் இருந்து வரும் கேபிள், எல்லாவற்றுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நேற்று வரை வெறுமையாக இருந்த தரையில் இன்று ஒரு கண்ணி விரித்தாகிவிட்டது. பார்வை மங்கியவர் காலில் அதுதான் மாட்டும். வயர்களைச் சுவரோரமாகக் கிளிப் போட்டு அடித்துவிடுங்கள். நடக்கும் வழியைக் குறுக்கே கடக்கக் கூடாது. மேலே மிதியடி போட்டு மறைப்பது இன்னும் மோசம்.

சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலி இன்னொரு வில்லன். பெரியவர்கள் உட்காரும்போது கையை ஊன்றுவார்கள், நாற்காலி பின்னால் ஓடிவிடும். அவர்களுக்கென்று நாலு கால் நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். பிள்ளைகளுடன் வீடியோ கால் பேச அதுவே வசதி. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஈரக் கையுடன் சுவிட்சைத் தொட்டு மின்கசிவு ஏற்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான்.

கேமரா வாங்கலாமா?

சிங்கப்பூரில் இருந்து போன் செய்யும் மகன் முதலில் கேட்பது இதைத்தான். வாங்கலாம், ஆனால் அதன் எல்லை தெரிந்து வாங்குங்கள். கேமரா விழுந்ததைக் காட்டும், விழாமல் தடுக்காது. அதிகம் வழுக்கும் பாத்ரூமில் கேமரா வைக்கவே கூடாது. மற்ற இடங்களிலும் பெரியவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகே மாட்டுங்கள். கேமராவுடன் வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் அப்பத்தாவை ஊர் பேர் தெரியாதவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விழுவதை உணரும் வாட்ச்சுகளும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் சீரிஸ் 4 வாட்ச்சில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. பலமாக விழுந்து, ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் வாட்ச் தானே அவசர உதவிக்கு அழைக்கும். இதுவும் விழுந்த பிறகுதான். தினமும் சார்ஜ் செய்து கையில் கட்ட ஒரு ஆள் வேண்டும். தவிர, வைஃபை, கேமரா எல்லாம் கரண்டை நம்பியவை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தென்னை மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தபோது பல நாட்கள் கரண்டே இல்லை. அந்த இருட்டில் உதவியது கை டார்ச்சும் சுவரில் பதித்த கைப்பிடியும்தான். எனவே முதல் பணம் கைப்பிடிக்கும், சொரசொரப்பான தரைக்கும், வெளிச்சத்துக்கும். மிச்சம் இருந்தால் கேமரா.

அப்படியும் விழுந்துவிட்டால், பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. இந்த இரண்டு எண்களையும் மானிட்டருக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவருடைய உடல்நிலை விவரம் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற வேண்டிய விஷயம் அல்ல. ஃபைல் மெனுவில் 'இன்ஃபோ' சென்று, 'ப்ரொடெக்ட் வொர்க்புக்' என்பதில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்ட் கொடுத்துவிடுங்கள். இந்தப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, அதையும் அந்தத் தாளுடன் வைத்துவிடுங்கள்.